கேள் என்று சொல்லிக் கொடுத்தவர்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, ஆசிரியர் மாணவர் உறவு பற்றி இருபது நிமிஷம் பேசுங்க. ஆனா எல்லாரும் பேசுற மாதிரி பேசிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் பேசுகிற மாதிரி என்றால் துரோணர், ஏகலைவன், கட்டை விரல். சரி, அவர்களுக்கு இன்று ஓய்வு கொடுத்துவிடுவோம். உத்தியோக காலத்தில் நான் பல வருஷம் பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், வங்கி வேலை பார்த்தவன். அங்கே கூட வேலை பார்த்தவர்கள் வாயிலாக அறிந்து, பிறகு புத்தகங்களில் தேடிப் படித்த ஒரு சமூகத்தின் கதையைச் சொல்கிறேன். அது யூதர்களின் பிரார்த்தனையைப் பற்றியது. "செஞ்சிக்காரனுக்கும் யூதர் பிரார்த்தனைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது.

2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது உங்களுக்குத் தெரியும். அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையைத் தாங்கி வருஷக் கணக்கில் தங்கியிருந்த கோட்டை. அந்தப் பன்னிரண்டில் ராய்கட், கந்தேரி என்ற இரண்டு கோட்டைகள் மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரையில் ராய்கட் மாவட்டத்தில் உள்ளன. நம் கோட்டைக்குச் சகோதரக் கோட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான், அலிபாக் பக்கத்தில், 'பெனே இஸ்ரேல்' என்ற யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தார்கள்.

பெனே இஸ்ரேல் என்றால் இஸ்ரேலின் மக்கள். தங்கள் முன்னோர் வந்த கப்பல் கொங்கணக் கரையில் உடைந்து போயிற்று, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் நவ்காவ் கிராமத்தில் கரையேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பேசியது மராத்தி. உடுத்தியது அந்த ஊர் உடை. செய்த தொழில் செக்கில் எண்ணெய் ஆட்டுவது. சனிக்கிழமை மட்டும் அவர்கள் செக்கில் மாடு பூட்ட மாட்டார்கள். அதனால் அக்கம் பக்கத்தார் அவர்களுக்கு 'ஷனிவார் தேலி' என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பொருள். ஏன் சனிக்கிழமை வேலை செய்வதில்லை என்று கேட்டால், "எங்க அப்பா செய்யல, தாத்தாவும் செய்யல" என்பதுதான் பதிலாக இருந்திருக்கும்.

புத்தகம் கிடையாது. எபிரேய எழுத்து தெரியாது. வேத நூல் படிக்க ஆள் இல்லை. யூதர்களுக்கு இவையெல்லாம் உயிர் மாதிரி. அவை போய்விட்ட பிறகும் ஒரே ஒரு மந்திரம் மட்டும் அவர்கள் நாக்கில் தங்கிவிட்டது. அதற்கு 'ஷெமா' என்று பெயர். இறைவன் ஒருவனே என்று அறிவிக்கும் சிறிய வாசகம். பிள்ளை பிறந்தாலும் ஷெமா, கல்யாணத்துக்கும் ஷெமா, சாவு வீட்டிலும் ஷெமா. ஷெமா என்ற எபிரேயச் சொல்லுக்கு 'கேள்' என்று அர்த்தம்.

தமிழாசிரியர் ஐயா இங்கே இருக்கிறார். அவர் முன்னால் நான் சொல் ஆராய்ச்சி செய்யக் கூடாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நம் தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்பதும் கேட்பதுதான், தெரியாததை வாய் திறந்து கேட்பதும் கேட்பதுதான். வள்ளுவர் 40-ஆம் அதிகாரத்தில் கல்வியை வைத்து, 42-ஆம் அதிகாரத்தில் கேள்வியை வைத்தார். பெனே இஸ்ரேல் மக்கள் முதல் வகைக் கேள்வியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். காதால் கேட்டார்கள், அப்படியே சொன்னார்கள். இரண்டாம் வகைக் கேள்விக்கு, அதாவது விளக்கம் கேட்பதற்கு, ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது.

வந்தார். அவர் பெயர் டேவிட் ரஹாபி என்று அந்தச் சமூகம் சொல்கிறது. அவர் எந்தக் காலத்தவர் என்பதில் பேதம் உண்டு. செவிவழிக் கதை பல நூறு ஆண்டுகள் பின்னால் கொண்டு போகிறது. ஆராய்ச்சியாளர் சிலரோ, 18-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் வாழ்ந்த ரஹாபி என்ற வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் ரஹாபிதான் இவர் என்கிறார்கள். டச்சுக்காரர்களோடு பெரிய அளவில் வியாபாரம் செய்த குடும்பம் அது. காலம் எதுவானாலும் கதை ஒன்றுதான்.

ரஹாபி கொங்கணத்துக்கு வருகிறார். சனிக்கிழமை வேலை செய்யாதவர்கள் என்று கேள்விப்பட்டு, இவர்கள் நம்மவர்கள்தானா என்று சோதிக்க நினைக்கிறார். ஒரு வீட்டுப் பெண்களிடம் பல ஜாதி மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொல்கிறார். அவர்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி வைக்கிறார்கள். "ஏம்மா இதை ஒதுக்கிட்டீங்க?" "இதை நாங்க சாப்பிட மாட்டோமுங்க." யூதர்களின் உணவு விதி அதேதான். விதி எந்த நூலில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. விதி மட்டும் அடுப்பங்கரையில் பத்திரமாக இருந்தது. அங்காளம்மன் சந்நிதியில் பூசை செய்யும் பருவதராஜ குலத்தார் மீனவ மரபினர் அல்லவா? அதனால் மீனைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்த கதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும்.

அதற்குப் பிறகு ரஹாபி செய்ததைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு கப்பல் ஏறவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வாசகத்தை, அந்த ஷெமாவை, பிடித்துக்கொண்டார். அதிலிருந்து தொடங்கினார். எபிரேய எழுத்தைக் கற்றுக் கொடுத்தார். எல்லாருக்கும் சொல்லித் தர நேரம் போதாது என்பதால் மூன்று குடும்பங்களிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். ஜிராட்கர், ஷாபூர்கர், ராஜ்பூர்கர் என்பவை அந்தக் குடும்பப் பெயர்கள். அவர்களைக் 'காஜி' என்று அழைத்தார்கள். கிராமம் கிராமமாகப் போய்ப் பிரார்த்தனை நடத்துவது, கல்யாணம் செய்து வைப்பது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்பனுக்குப் பின் மகன் என்று அந்தப் பொறுப்பு தொடர்ந்தது.

ஒரு வகுப்பில் மாணவர் மூன்றே பேர். இன்றைக்கு என்றால் மாணவர் எண்ணிக்கை போதவில்லை என்று அந்த வகுப்பையே எடுத்துவிடுவார்கள்!

இரண்டாவது ஆசிரியரைப் பார்ப்போம். மும்பையில் மஸ்ஜித் என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அதன் பக்கத்தில் 1796-ல் கட்டிய யூதர் ஜெப ஆலயம் இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனிப் படையில் இருந்து, திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு உயிர் மீண்ட சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பவர் நன்றிக் கடனாகக் கட்டியது. ஜெப ஆலயத்தையும் ஜனங்கள் மசூதி என்றே சொல்லி வந்ததால் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கட்டடம் எழும்பிவிட்டது. உள்ளே பிரார்த்தனை நடத்த ஆள் வேண்டுமே? கொச்சியிலிருந்து வந்தவர்கள் கை கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் சாலமன் சாலேம் ஷுர்ராபி. பிழைப்புக்குப் புத்தகம் பைண்டு செய்யும் வேலை. பிரார்த்தனை நடத்துவதும், சொல்லிக் கொடுப்பதும் அவருடைய ஆத்ம திருப்திக்கு. 1856-ல் இறந்தார். பெரிய பட்டம் இல்லை, பதவி இல்லை. கிழிந்த புத்தகத்தைத் தைத்துக் கொடுப்பது தொழில். அறுந்து போன மரபைத் தைத்துக் கொடுத்தது தொண்டு. இதைச் சொன்னால் மிகையாகாது.

மூன்றாவது ஆசிரியர்தான் கதையின் முக்கியமான பாத்திரம். அவர் யூதரே அல்ல. ஸ்காட்லாந்து நாட்டுக் கிறித்துவ மதகுரு ஜான் வில்சன். 1829-ல் பம்பாய் வந்தார். 1832-ல் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னால் வில்சன் கல்லூரி ஆயிற்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரிகூட 1837-ல் ஸ்காட்லாந்து மிஷன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். வில்சன் பெனே இஸ்ரேல் பிள்ளைகளைத் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்காகவே எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதி 1832-ல் அச்சிட்டார். தம் மொழியும் அல்லாத, அவர்கள் வீட்டு மொழியும் அல்லாத ஒரு மொழியை, அவர்கள் வீட்டு மொழி வழியாகவே சொல்லிக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகள் எபிரேயம் படித்தால் பழைய ஏற்பாட்டைப் படிப்பார்கள், அதிலிருந்து ஏசுவிடம் வருவார்கள் என்று நம்பினார். நடந்தது வேறு. மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? படித்த எபிரேயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தங்கள் பிரார்த்தனைக்குத் திரும்பிப் போனார்கள்.

அப்படித் திரும்பிப் போனவர்களில் தலையாய மாணவர் ஜோசப் எசக்கியேல் ராஜ்பூர்கர். 1834-ல் பம்பாயில் பிறந்தவர். ராஜ்பூர்கர் என்ற பெயரைச் சற்று முன்தான் கேட்டீர்கள், ரஹாபியின் மூன்று மாணவர்களில் ஒருவருடைய குடும்பப் பெயர் அது. இவர் வில்சன் பள்ளியில் படித்தார். டேவிட் சாசூன் நிறுவிய பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியராகி, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எபிரேயத் தேர்வாளராகவும் பணியாற்றினார். ஆனால் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் இந்த உத்தியோகங்கள் அல்ல. யூதர்களின் பிரார்த்தனை நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக மராத்தியில் மொழிபெயர்த்தார். அலிபாக் பக்கத்துக் கிழவி ஒருத்தி, தான் ஆயுள் முழுவதும் சொல்லி வந்த பிரார்த்தனைக்கு என்ன அர்த்தம் என்று தன் வீட்டு மொழியிலேயே தெரிந்துகொள்ள முடிந்தது இவர் போன்றவர்களால்தான். 1905-ல் காலமானார்.

அந்தக் காலத்தில் இந்த வேலை எவ்வளவு உற்சாகமாக நடந்தது என்பதற்கு ஒரு சான்று. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைப் பஸ்கா பண்டிகை இரவில் வீட்டோடு உட்கார்ந்து படிப்பார்கள். அதற்கான நூலை 1874-ல் புணேயில் மராத்தி மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்கள். அதிலுள்ள படத்தில் புளிப்பில்லாத ரொட்டி செய்யும் பெண்கள் சேலை கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே காலத்தை ஒட்டி, நம் ஊர்க் கதாகாலட்சேபம் போல, பைபிள் கதைகளை மராத்தியில் கீர்த்தனமாகப் பாடவும் தொடங்கினார்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்து வேண்டுதல் செலுத்தும்போது அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்து வைத்துப் பாடுவார்கள். அதற்கு மலிதா என்று பெயர். பிரார்த்தனை எபிரேயம், அவல் நம்முடையது!

நண்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழும். வில்சன் தோற்றுவிட்டாரா?

அவர் நினைத்தது நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் என்ற முறையில் அவரைப் போல வென்றவர் அபூர்வம் என்பேன். மாணவன் கையில் எழுத்தைக் கொடுத்தார். அந்த எழுத்தைக் கொண்டு மாணவன் தன் பாட்டன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டான். வாத்தியார் காட்டிய வீட்டுக்கே மாணவன் போக வேண்டும் என்று கட்டாயமா? வாத்தியார் வேலை படிக்கச் சொல்லித் தருவது. எதற்குப் படிப்பது என்பது மாணவன் முடிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை மதிக்கத் தெரிந்தவன்தான் நல்லாசிரியன். வில்சனுக்கு அந்தக் கோட்டை மதிக்கும் எண்ணம் இருந்ததோ இல்லையோ, அவர் சொல்லிக் கொடுத்த பாடம் நேர்மையான பாடம். அதனால்தான் அது மாணவர்களுக்கு அவர்கள் விரும்பிய வழியில் பயன்பட்டது.

நம் தமிழ் நாட்டிலும் இதன் மறுபக்கம் உண்டு. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். சைவ மரபில் வந்தவர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எடுத்தபோது சமண சமயக் கருத்துகள் புரியவில்லை. கல்லூரி ஆசிரியர் என்ற கௌரவம் பார்க்காமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் நூல் வெளிவந்தது. ஒருவர் வேதத்தை இன்னொருவர் மரியாதையோடு கற்றால் இருவருக்கும் நஷ்டமில்லை.

பெனே இஸ்ரேல் கதை அத்தோடு சுபமாக முடியவில்லை. 1948-ல் இஸ்ரேல் நாடு உருவான பின் அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். போன இடத்தில் ஒரு சோதனை. 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள மதத் தலைமை, "இத்தனை நூற்றாண்டு தனியாக இருந்தவர்கள், மண விதிகளைச் சரியாக அறிந்திருப்பார்களா?" என்று சந்தேகம் கிளப்பி, அவர்கள் மற்ற யூதரோடு கல்யாணம் செய்துகொள்வதற்குத் தனி விசாரணை வேண்டும் என்றது. எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஷெமா சொன்னவர்களைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறார்கள். அவர்கள் ஜெருசலேமில் போராட்டம் நடத்தினார்கள். 1964-ல் அரசு தலையிட்டு, அவர்கள் எல்லா வகையிலும் மற்றவர்க்குச் சமமான யூதர்களே என்று ஏற்கப்பட்டது. மீன் சோதனையில் ரஹாபி ஒரே நாளில் கண்டுகொண்டதை, ஒரு நாட்டின் மதத் தலைமை கண்டுகொள்ள வருஷக் கணக்காயிற்று. பரீட்சை வைக்கிற எல்லாரும் ஆசிரியர் ஆகிவிட முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்தியாவிலேயே தங்கிவிட்டவர்கள் இன்று சில ஆயிரம் பேர்தான். அவர்களில் ஒருவரை உங்களில் பலருக்குத் தெரியும். ஆங்கிலப் பாடத்தில் தாயைத் தேள் கொட்டிய இரவைப் பற்றி ஒரு கவிதை படித்தோமே, அதை எழுதிய நிசிம் எசக்கியேல். பெனே இஸ்ரேல் குடும்பத்துப் பிள்ளை. அப்பா வில்சன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். அம்மா பள்ளி நடத்தியவர். அவரும் வில்சன் கல்லூரியில் படித்து, பிறகு கல்லூரி ஆசிரியரானார். மதச் சடங்குகளோடு ஒட்டாமல் வாழ்ந்தவர் என்றாலும், பிற்காலத்தில் யூதர்களின் சங்கீதப் பாடல்களை எதிரே வைத்துக்கொண்டு, அவற்றோடு வாதாடி, தம் பங்குக்குச் சங்கீதங்கள் எழுதினார். அந்தத் தொகுப்புக்கு 1983-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாதாடுவதும் ஒரு பிரார்த்தனைதானே? முதலில் சொன்னேனே, 'கேள்' என்பதற்கு இரண்டு அர்த்தம் என்று. இவர் இரண்டாவது அர்த்தத்தில் கேட்டவர்.

இனி நம் ஊருக்கு வருவோம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே சுமார் 1,500 ஆண்டுப் பழைய கல்வெட்டு ஒன்று, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்பவரைக் குறிக்கிறது. அவருக்கு அந்தக் கல்வெட்டு கொடுக்கும் பட்டம் என்ன தெரியுமா? ஆசிரியர். செஞ்சிச் சீமையில் கல்லில் நிலைத்த மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு ஆசிரியருடையது என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றி வாழும் தமிழ்ச் சமணர்கள் தங்கள் பிராகிருத மந்திரத்தை இன்றும் சொல்கிறார்கள். மேல்மலையனூரில் அமாவாசை இரவு ஊஞ்சலில் அம்மன் ஆடும்போது தாலாட்டுப் பாடுகிறவர்களுக்கு அந்தப் பாட்டு, பாடினவர் வாயைப் பார்த்து வந்த பாட்டு. எந்த மதமானாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் பிரார்த்தனை என்று ஒன்று இருக்கிறது.

ஷெமாவை ஒட்டி வரும் பகுதியே இதைத்தான் கட்டளையிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு, வீட்டிலும் சொல், வழியிலும் சொல், படுக்கும்போதும் எழும்போதும் சொல் என்பது அதன் சாரம். அதுமட்டுமல்ல. யூதர்களிடம் 'கத்தீஷ்' என்று ஒரு புகழுரை உண்டு. இறந்தவர்களை நினைத்துச் சொல்வதாகவே பலரும் அதை அறிவார்கள். அதில் இன்னொரு வகை, பாடம் படித்து முடித்த பின் சொல்வது. அதிலே ஆசிரியர்களுக்காகவும், அவர்கள் மாணவர்களுக்காகவும், அந்த மாணவர்களின் மாணவர்களுக்காகவும் அமைதியும் நீண்ட ஆயுளும் வேண்டிக்கொள்கிறார்கள். நாம் மாதா, பிதா, குரு, தெய்வம் என்று குருவைத் தெய்வத்துக்கு முன்னால் வைத்தோம். அவர்கள் குருவைத் தெய்வத்திடம் சொல்லும் பிரார்த்தனைக்குள்ளேயே வைத்தார்கள்.

மாணவர்களின் மாணவர்கள் என்ற அந்தச் சொல்தான் இன்று நான் உங்களிடம் விட்டுப் போக விரும்புவது. நம்மில் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வங்கி, வாரியம், வியாபாரம், விவசாயம் என்று போய்விட்டோம். "எனக்கு எங்கே மாணவன்?" என்று தட்டிக் கழிக்க முடியாது. ஷுர்ராபி புத்தகம் பைண்டு செய்துகொண்டே சொல்லிக் கொடுத்தார். நம் வீட்டில் பேரன் பேத்தி இருக்கிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் நம் தெருவிலேயே உண்டு. ஐயா நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஒரு பாட்டு, ஒரு கணக்கு, ஒரு நல்ல பழக்கம், எது நம்மிடம் தங்கியிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவோம். ரஹாபி தேடியதும் அப்படித் தங்கிப் போன ஒன்றைத்தான். ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். மூன்று பேர் கிடைத்தால், ரஹாபி வகுப்பு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆண்டுதோறும் நாம் இங்கே மாலை போட்டு, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். வேண்டியதுதான். அடுத்த ஆண்டு வரும்போது ஒவ்வொருவரும் தாம் சொல்லிக் கொடுத்த ஒரு பிள்ளையையும் கையோடு கூட்டி வந்து இந்த முன்வரிசையில் உள்ள ஐயாக்களிடம் அறிமுகப்படுத்துங்கள். "ஐயா, இது உங்க மாணவனோட மாணவன்" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய சால்வை எந்தக் கடையிலும் கிடைக்காது.